சோலார் பம்ப்செட்: ஆடி மேகத்துக்கு முன்பே தண்ணீரைச் சேர்த்து வையுங்கள்

போன ஆடியில் உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு சின்ன வெங்காயத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நட்டு 45 நாள் ஆன பயிர். காய் பெருக்கும் தருணம். தோட்டத்தைச் சுற்றி நின்ற காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. தோட்டத்துக்குள் இருந்த 5 எச்.பி. சோலார் பம்ப்செட்டோ நின்றுபோயிருந்தது. தொடர்ந்து ஆறு நாள் மேகமூட்டம். மழை என்று பார்த்தால் மண் நனையும் அளவுக்குக்கூட இல்லை.

"மேகம் மூடுனா மோட்டாரு நின்னு போகுதுங்க சார். காத்து மட்டும் நிக்கறதில்லீங்க. இன்னைக்குப் பாச்சுன தண்ணி நாளைக்கே காஞ்சு போகுதுங்க" என்றார் அந்த விவசாயி.

இரண்டு ஏக்கரில் பாதிக்கு மேல் தாள் நுனி காய்ந்து சாய்ந்திருந்தது. அறுவடையில் காய் சிறுத்து, வியாபாரிகள் இரண்டாம் தரமாகத்தான் எடுத்தார்கள். அவர் சோலாருக்கு விண்ணப்பிக்க யோசித்துக்கொண்டிருந்தபோது "தைரியமாகப் போடுங்கள்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். மேகம் மூடும் நாளில் என்ன செய்வது என்பதை நான் அன்று சொல்லவில்லை. அதை உங்களிடமாவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

அதே ஊரில், அதே 5 எச்.பி. சோலார் பம்ப் வைத்திருக்கும் இன்னொரு தோட்டத்தில் வெங்காயம் தப்பித்தது. அங்கே பேனல் கூடுதலாக இல்லை, பேட்டரியும் இல்லை. மேட்டு மூலையில் தார்ப்பாய் விரித்த ஒரு குட்டை இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பாதி வெயிலில் பாதித் தண்ணீர் வராது

வெயில் பாதியாகக் குறைந்தால் தண்ணீரும் பாதியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட அதிகமாகவே குறையும். ஆழ்துளைக் கிணற்றின் குழாயில் நிற்கும் நீரைத் தாங்கிப் பிடிக்கவே மோட்டாருக்கு ஒரு குறிப்பிட்ட வேகம் தேவை. அந்த வேகத்தைத் தாண்டிய பிறகுதான் முதல் சொட்டு மேலே வரும். பம்ப்பின் வேகம் 20 சதவீதம் குறைந்தால், அது தண்ணீரைத் தள்ளும் உயரம் ஏறத்தாழ 36 சதவீதம் குறையும். முழு வேகத்தில் 50 மீட்டர் வரை தள்ளக்கூடிய பம்ப், அப்போது 32 மீட்டர்தான் தள்ளும். உங்கள் நீர்மட்டம் 35 மீட்டரில் இருந்தால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் வராது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பம்ப்பிலிருந்து நேராகச் சொட்டுநீர்க் குழாய்க்குக் கொடுத்திருந்தால், அந்த அழுத்தத்துக்காக மேலும் 10 முதல் 15 மீட்டர் உயரத்துக்குச் சமமான விசை தேவைப்படும். அதாவது மோட்டார் தாண்ட வேண்டிய வாசற்படி இன்னும் உயர்ந்துவிடுகிறது. மெல்லிய மேகம் வந்தாலே சொட்டுநீர் நின்றுபோவதற்கு இதுதான் காரணம்.

அதே பம்ப் தண்ணீரைத் தரைமட்டத்தில் உள்ள குட்டையில் கொட்டினால் அந்தக் கூடுதல் அழுத்தம் தேவையில்லை. காலை ஏழரை மணி வெயிலும், மாலை நான்கரை மணி வெயிலும், மேகத்தின் இடையே வந்து போகும் கால் மணி நேர வெயிலும் தண்ணீராக மாறிக் குட்டையில் சேரும். நேரடிப் பாசனத்தில் இவை எல்லாம் வீணாகும் வெயில்.

பேட்டரி வாங்கலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர, பம்ப்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 20 யூனிட் மின்சாரம் செலவாகும். 5 எச்.பி. பம்ப்புக்குப் பொதுவாகப் பொருத்தப்படும் 4,800 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் உற்பத்தி செய்வதும் அதே 20 யூனிட் அளவுதான். இந்த 20 யூனிட்டைப் பேட்டரியில் சேமிக்க வேண்டுமானால் செலவு சில லட்சங்களுக்குப் போகும். சில ஆண்டுகளில் பேட்டரியின் திறனும் தேய்ந்துவிடும்.

ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை வெயில் அடிக்கும்போதே மேலே ஏற்றிக் குட்டையில் வைத்துவிட்டால், அந்த 20 யூனிட் மின்சாரத்தின் வேலை முடிந்து உங்கள் தோட்டத்தில் காத்திருக்கிறது என்று பொருள். பயிருக்கு வேண்டியது தண்ணீர். ஆகவே சேமிக்க வேண்டியதும் தண்ணீரே.

மேகமூட்ட நாளில் இதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். அன்று பேனலில் 3 அல்லது 4 யூனிட் மட்டுமே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நம்பிப் பாசனம் செய்ய முடியாது. குட்டையில் இருக்கும் 20 ஆயிரம் லிட்டரைச் சொட்டுநீர் அழுத்தத்தில் வயலுக்கு அனுப்ப ஒரு சிறிய பம்ப்புக்கு 2 யூனிட்டுக்குள்தான் தேவை. ஒரு ஏக்கர் அன்று தப்பித்துவிடும்.

மின்வாரியம் செய்வதும் இதுதான்

இந்தப் பிரச்சினை சோலார் பம்ப் விவசாயிக்கு மட்டும் உரியது அல்ல. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் உள்ளன. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர் வரை காற்று நன்றாக வீசும். ஆனால் காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் காற்றாலையின் உற்பத்தி எட்டில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். காலையில் இருந்த மின்சாரம் மாலையில் இருக்காது.

இதைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று, வால்பாறை மலைப்பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம். 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய இந்த நிலையத்தின் திறன் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடு வரும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். உங்கள் குட்டை, ஒரு சிறிய காடம்பாறை. நீங்கள் அதிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டியதில்லை. பாசனம் எடுத்தால் போதும்.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று இரவில் டார்ச் விளக்கோடு காத்திருந்து, வந்த நேரத்தில் தொட்டியை நிரப்பிப் பாய்ச்சியவர்கள்தான் நம் விவசாயிகள். மின்சார முறைக்குப் பதிலாக இப்போது வெயிலின் முறை வந்திருக்கிறது.

முதல் சேமிப்பு மண்ணில்

குட்டை வெட்டும் முன், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சேமிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அது வேர் மண்டலத்தில் உள்ள மண். ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீர், மணற்பாங்கான நிலத்தில் 60 முதல் 80 மில்லிமீட்டர். செம்மண்ணில் ஏறத்தாழ 100. கரிசலில் 150 முதல் 200 வரை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர்.

இதில் முழுவதையும் பயிர் தீர்க்கும்வரை காத்திருக்க முடியாது. எவ்வளவு தீர்ந்தால் பயிர் வாடத் தொடங்கும் என்பது பயிருக்குப் பயிர் மாறும். மூன்று உதாரணங்கள்:

சின்ன வெங்காயம், செம்மண்: வேர் 30 செ.மீ. ஆழம்தான். வேர் மண்டலத்தில் 30 மி.மீ. நீர் இருந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் அடுத்த பாசனம் வேண்டும். நாளுக்கு 5 மி.மீ. செலவானால் தாங்கும் காலம் இரண்டு நாள்.

நிலக்கடலை, செம்மண்: வேர் 50 செ.மீ. இருப்பு 50 மி.மீ.; பாதி வரை தீரலாம். தாங்கும் காலம் ஐந்து நாள்.

பருத்தி, ஆழமான கரிசல்: வேர் 90 செ.மீ. வரை இறங்கியிருந்தால் பத்து நாளுக்கு மேலும் தாங்கும்.

உடுமலைத் தோட்டத்தில் நடந்தது என்ன என்று இப்போது புரியும். இரண்டு நாள் மட்டுமே தாங்கும் பயிர், ஆறு நாள் மேகத்தில் மாட்டிக்கொண்டது. அதே மேகத்தில் பக்கத்துக் கரிசலில் இருந்த பருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

மண்ணின் இந்தத் தாங்கு நாட்களைச் சற்று நீட்டிக்க முடியும். மட்கிய தொழுவுரம், மட்கிய தென்னைநார்க் கழிவு ஆகியவை மணற்பாங்கான நிலத்தின் நீர் பிடிப்பை உயர்த்தும். கரும்புத் தோகை, வைக்கோல், நிலக்கடலைத் தொலி என்று கையில் கிடைப்பதை மூடாக்காகப் போட்டால் ஆடிக் காற்று மண்ணின் ஈரத்தை நேராக உறிஞ்சுவது குறையும்.

எந்த மேகம் ஆபத்தானது?

எல்லா மேகமூட்ட நாளும் ஒன்றல்ல. காற்று இல்லாத மேகமூட்ட நாளில் பயிரும் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். வெயில் நாளில் 5 மி.மீ. செலவழிக்கும் பயிர், அன்று 2 முதல் 3 மி.மீ.தான் செலவழிக்கும். பம்ப் குறைவாக இறைத்தாலும் பயிரின் தேவையும் குறைந்திருப்பதால் ஓரளவு சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் பெரும்பாலும் மழையோடு வருவதால் அதுவும் பெரிய கவலை இல்லை.

ஆபத்தானது ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்றோடு வரும் மேகம். கோவை, திருப்பூர், தேனி, தென்காசி மாவட்ட விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்துவிடும். இந்தப் பக்கம் மேகமும் காற்றும் மட்டும் வரும். பேனலுக்கு வெயில் குறைவு. ஆனால் காற்று இலையின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் பயிரின் தேவை 4 முதல் 5 மி.மீ. அளவிலேயே நிற்கும். இறைப்பு குறைந்தும் தேவை குறையாத நாட்கள் இவை. உங்கள் குட்டையின் அளவை இந்த நாட்களை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

குட்டை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

இதற்கு ஒரு எளிய வழி: உங்கள் பகுதியில் வெயிலே சரியாக வராமல் தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை நாள் போகும் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதில் மண் தாங்கும் நாட்களைக் கழியுங்கள். மீதமுள்ள நாட்களை ஒரு நாள் பாசனத் தேவையால் பெருக்குங்கள்.

ஒரு ஏக்கர் சின்ன வெங்காயத்துக்கு: ஆறு நாள் மேகம், மண் தாங்குவது இரண்டு நாள், மீதி நான்கு நாள். நாளுக்கு 4.5 மி.மீ. என்றால் 18 ஆயிரம் லிட்டர். நான்கு நாளுக்கு 72 ஆயிரம் லிட்டர். ஆவியாதலுக்கும் அடியில் நிற்கும் கலங்கல் நீருக்கும் சேர்த்து ஒரு லட்சம் லிட்டர் கொள்ளளவு போதும்.

மேற்புறம் 10-க்கு 10 மீட்டர், அடியில் 7-க்கு 7 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் என்ற அளவில் சரிவான கரையோடு வெட்டினால் ஏறத்தாழ 1.1 லட்சம் லிட்டர் பிடிக்கும். இடம் இரண்டரை சென்ட்தான். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் இழப்பு 500 லிட்டர். கசிவுதான் பெரிய இழப்பு. ஆகவே செம்மண், மணல் நிலங்களில் தரமான பாலித்தீன் விரிப்பு கட்டாயம்.

குட்டை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

நிலத்தின் மேட்டு மூலையைத் தேர்ந்தெடுங்கள். வாய்க்கால் பாசனம் செய்பவர்களுக்கு மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடும். இரண்டாவது பம்ப்பே தேவையில்லை.

சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் மணல் வடிகட்டி, சல்லடை வடிகட்டி இரண்டையும் பொருத்துங்கள். திறந்த நீரில் பாசி வரும், சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும்.

குட்டையிலிருந்து இறைக்கும் சிறிய பம்ப்பை அதே பேனலில் இணைக்க விரும்பினால், பம்ப் நிறுவிய நிறுவனத்திடமும் வேளாண் பொறியியல் துறையிடமும் கேட்டுச் செய்யுங்கள். கன்ட்ரோலரை நீங்களே பிரித்து ஒயர் மாற்றினால் உத்தரவாதம் போய்விடும். நேர்மின்னோட்டம் என்பதால் உயிருக்கும் ஆபத்து.

சுற்றிலும் வேலி போடுங்கள். தார்ப்பாய் விரித்த குட்டையின் சரிவு வழுக்கும். விழுந்த குழந்தையோ ஆட்டுக்குட்டியோ தானாக ஏறி வர முடியாது. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கரையில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள்.

பண்ணைக்குட்டைக்கும், நுண்ணீர்ப் பாசனத்தோடு இணைந்த தரைநிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கும் அரசுத் திட்டங்களில் உதவி கிடைத்து வருகிறது. இந்த ஆண்டு நிலவரத்தை உங்கள் வட்டார வேளாண் பொறியியல் துறை, தோட்டக்கலைத் துறை அலுவலகங்களில் கேட்டறியலாம்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

வானிலையைப் பார்த்துப் பாய்ச்சுங்கள். இந்திய வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகின்றன. மேகதூத் செயலியில் தமிழிலும் பார்க்கலாம். மேக அளவு, காற்றின் வேகம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் உயரப் போகிறது என்றால், அதற்கு முந்தைய வெயில் நாட்களில் குட்டையை நிரப்பி, வயலையும் நனைத்து வைத்துவிடுங்கள்.

பேனலைச் சுத்தமாக வையுங்கள். அதிகாலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, வெறும் தண்ணீராலும் மென்மையான துணியாலும் துடையுங்கள். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், அதோடு வரிசையாக இணைக்கப்பட்ட மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையும்.

சாய்வை மாற்றுங்கள். நம் ஊரில் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்; ஆனி, ஆடியில் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். சாய்வை மாற்றும் வசதி உள்ள தாங்கிகளில், ஆடியில் பேனலை ஏறத்தாழப் படுக்கையாகவும் மார்கழியில் தெற்கு நோக்கிச் சாய்வாகவும் வையுங்கள்.

தண்ணீர் போதாத நாளில் முன்னுரிமை கொடுங்கள். இருப்பதை எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிராமல், தாங்க முடியாத பருவத்தில் இருக்கும் பயிருக்கு முதலில் கொடுங்கள். வெங்காயத்தில் காய் பெருக்கும் பருவம், நிலக்கடலையில் விழுது இறங்கும் பருவம், மக்காச்சோளத்தில் ஆண் பூ வந்து கதிரில் நூல் வெளிவரும் நாட்கள், நெல்லில் கதிர் உருவாவது முதல் பூக்கும் வரை. இந்த நாட்களில் விழும் அடியைப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஈடுகட்ட முடியாது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பருத்தியும், வேரூன்றிய தென்னையும் இரண்டு நாள் பொறுக்கும்.

நடவையும் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் வெங்காயத்தையும் ஒரே நாளில் நட்டால், இரண்டு ஏக்கரும் ஒரே நாளில் காய் பெருக்கும். பதினைந்து நாள் இடைவெளியில் நட்டால், மேகம் வரும்போது ஒரு ஏக்கருக்குத்தான் அவசரம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை

வெயிலுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காலை முதல் மாலை வரை மோட்டாரை ஓடவிடும் பழக்கம் பரவிவருகிறது. குட்டை நிரம்பி வாய்க்காலில் வழிந்தாலும் நிறுத்துவதில்லை. சூரியன் நாளையும் வரும். ஆழ்துளைக் கிணற்றில் இறங்கிய நீர்மட்டம் அப்படித் திரும்ப வராது. நீர்மட்டம் 30 மீட்டரிலிருந்து 60 மீட்டருக்கு இறங்கினால், அதே பேனலில் கிடைக்கும் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும். குட்டை நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஒன்றைப் பொருத்துங்கள். மழைக்காலத்தில் வயலில் வழிந்தோடும் நீரையும் வண்டல் வடித்த பிறகு அதே குட்டைக்குத் திருப்புங்கள். குட்டை, கிணற்றின் சுமையைக் குறைப்பதற்காகவும்தான்.

போன மாதம் உடுமலைத் தோட்டத்துக்கு மறுபடி போனேன். மேட்டு மூலையில் பொக்லைன் நின்றிருந்தது. ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டி முடித்து, கரையைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். இந்த முறை ஒரு ஏக்கர் மட்டும் முதலில் நடப்போவதாகவும், அடுத்ததைப் பதினைந்து நாள் தள்ளி நடுவதாகவும் சொன்னார். "ரெண்டு சென்ட் நெலம் போச்சேன்னு வீட்டுல சொல்றாங்க. போன வருசம் ரெண்டு ஏக்கரும் போச்சேன்னு நான் சொல்லீட்டேனுங்க" என்றார்.

ஆடிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உங்கள் மண் எத்தனை நாள் தாங்கும், உங்கள் பகுதியில் மேகம் எத்தனை நாள் நிற்கும் என்ற இரண்டு எண்களையும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் நீங்கள் வெட்ட வேண்டிய குட்டையின் அளவு.